முட்டுக்கட்டையை எடுத்தால் தேர் ஓடும்: முற்றிய மெலனோமாவும் அதன் சிகிச்சையும்

“அது எதிர்ப்பு சக்தியை ஏத்துற ட்ரீட்மென்ட்.”

இம்யூனோதெரபி என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரும் நெல்லிக்காயும் துத்தநாக மாத்திரையுமாக ‘எதிர்ப்பு சக்தி’ என்ற சொல் நம் வீடுகளில் பழகிப்போனது. அந்தப் பழக்கத்தில் புற்றுநோய்க்கான இந்தச் சிகிச்சையையும் அதே வரிசையில் வைத்துவிட்டோம். விலை அதிகம், ஊசி வழியாக ஏற்றுகிறார்கள், மற்றபடி ஒரு டானிக் என்ற எண்ணம்.

அது டானிக் இல்லை. சொல்லில் மட்டும் பிழை என்றால் விட்டுவிடலாம். ஆனால் டானிக் என்று நினைத்துக்கொண்டிருப்பவர், சிகிச்சையின் நடுவே வரும் பேதியை ‘நேற்று சாப்பிட்டது ஒத்துக்கவில்லை’ என்று விட்டுவிடுவார். அதில் குடலில் ஓட்டை விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அந்தப் பேதி ஏன் வருகிறது, ஏன் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதும் தானாகவே புரிந்துவிடும். இந்தச் சிகிச்சை முதன்முதலில் பெரிய வெற்றி கண்டது மெலனோமா என்ற புற்றுநோயில். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

## நிறம் தரும் செல்

நம் தோலின் மேலடுக்கின் அடியில் நிறமிச் செல்கள் இருக்கின்றன. மெலனின் என்ற கருநிறப் பொருளைச் செய்து பக்கத்துத் தோல் செல்களுக்குக் கொடுப்பது இவற்றின் வேலை. வெயில் பட்டால் அந்த மெலனின் குடைபோல நின்று உள்ளே இருக்கும் மரபணுவைக் காக்கிறது. வெயிலில் அலைந்தால் கறுத்துப்போவது இதனால்தான். மச்சம் என்பதும் இந்தச் செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்திருப்பதுதான்.

இந்த நிறமிச் செல்லில் வரும் புற்றுநோய்தான் மெலனோமா. தோலில் வரும் மற்றப் புற்றுநோய்கள் பொதுவாக வந்த இடத்திலேயே மெதுவாக வளரும். மெலனோமா அப்படியில்லை, மற்ற இடங்களுக்கும் பரவக்கூடியது. கருவில் குழந்தை உருவாகும்போது இந்த நிறமிச் செல்கள் முதுகுத்தண்டு உருவாகும் பகுதிக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பெங்கும் நடந்துபோய்க் குடியேறியவை. கண்ணுக்குள், வாயில், மூக்கில், ஆசனவாயில், நகத்துக்கு அடியில் எல்லாம் அவை உண்டு. மெலனோமா இங்கெல்லாம் வரக்கூடும் என்பதற்குக் காரணம் அதுவே.

## “இது வெள்ளைக்காரங்க நோய், நமக்கு வராது”

பாதி உண்மை. உலகிலேயே ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் மெலனோமா விகிதம் மிக அதிகம். வெளிர் தோலும் கடும் வெயிலும் சேர்ந்த இடங்கள் அவை. இந்தியாவில் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட ஆண்டுக்கு வருவதில்லை. நம் தோலின் மெலனின் குடை நல்ல குடை.

ஆனால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும் ஒரு வகை இருக்கிறது. அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை, அதனால் தோல் நிறம் அதைத் தடுப்பதும் இல்லை. நமக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த வகையாகவோ, வாய், மூக்கு, ஆசனவாய் போன்ற ஈரமான உட்தோலில் வரும் வகையாகவோதான் இருக்கும். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கண்டுபிடிக்கப்பட்டது கால் கட்டைவிரல் நகத்தடி மெலனோமா. கால்பந்து ஆடியபோது பட்ட அடியின் புண் என்று முதலில் நினைத்திருந்தார்கள். 1981 மே மாதம் 36 வயதில் இறந்தார்.

நம் ஊரில் அந்த இடத்தில் கால்பந்துக்குப் பதில் வேறு பெயர்கள் வரும். கால் ஆணி, நகச்சுத்தி, முள் குத்தியது, சர்க்கரைப் புண். வயலில் வெறுங்காலோடு நடப்பவருக்கும் சர்க்கரை நோய் உள்ளவருக்கும் காலில் ஆறாத புண் இருந்தால் யாருக்குத்தான் புற்றுநோய் என்று தோன்றும்? ஆசனவாயில் ரத்தம் என்றால் மூலம் என்று சொல்லிவிடுகிறோம். இப்படித்தான் மாதங்கள் போய்விடுகின்றன.

ஒரு விஷயத்தைப் பயமுறுத்தாமல் சொல்லிவிடுகிறேன். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு நகங்களில் கருங்கோடு இருப்பது சகஜம். பல விரல்களில் வருடக்கணக்காக இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு விரலில் புதிதாக வந்த கோடு, அகலமாகிக்கொண்டே போகும் கோடு, நகத்தைத் தாண்டி ஓரத் தோலிலும் கறுப்பு பரவுவது, உள்ளங்காலில் சீரற்ற ஓரத்தோடு பெரிதாகும் கறுப்பு, ஆறாத புண். இவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கறுப்பாகவே இல்லாமல் இளஞ்சிவப்பாக வரும் மெலனோமாவும் உண்டு.

“கத்தி பட்டால் பரவிவிடும்” என்று பயாப்சியை, அதாவது சந்தேகப்படும் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையை, தள்ளிப்போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயாப்சி எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை. எடுக்காமல் காத்திருக்கும் காலத்தில்தான் அது பரவுகிறது. இந்த நம்பிக்கையால் நம் மக்கள் எத்தனை பேர் நேரத்தை இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

## ‘முற்றியது’ என்றால் என்ன

மெலனோமாவில் அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம். அமெரிக்க நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் இதை எடுத்துக்காட்டினார். கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்ற அளவுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் அறுவை சிகிச்சையோடு பெரும்பாலோருக்கு முடிந்துவிடும். ஆழமாக இறங்க இறங்க, அங்கிருக்கும் நிணநீர்க் குழாய்களும் ரத்தக் குழாய்களும் அதற்கு வழியாகிவிடுகின்றன.

முதலில் பக்கத்து நிணநீர்க் கணுவில் போய்த் தங்கும். நாம் ‘நெறி கட்டியிருக்கு’ என்று சொல்கிறோமே, அந்த அக்குள், தொடையிடுக்குக் கட்டிகள்தான் கணுக்கள். அங்கே வந்துவிட்டால் மூன்றாம் நிலை. நுரையீரல், கல்லீரல், மூளை, எலும்பு என்று தொலைவுக்குப் போய்விட்டால் நான்காம் நிலை. நான்காம் நிலையையும், மூன்றாம் நிலையில் அறுத்து எடுக்க முடியாதவற்றையும் சேர்த்து ‘முற்றிய மெலனோமா’ என்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மெலனோமா நுரையீரலுக்குப் பரவினால் ‘தோல் கேன்சர் போய் இப்ப நுரையீரல் கேன்சரும் வந்துடுச்சு’ என்று பேசுவார்கள். வந்தது இரண்டாவது நோய் இல்லை. திருநெல்வேலிக்காரர் சென்னையில் முப்பது வருடம் இருந்தாலும் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் இல்லையா, அதுபோல நுரையீரலில் உட்கார்ந்திருக்கும் மெலனோமா செல் மெலனோமா செல்லாகவே இருக்கிறது. அதற்கான மருந்தும் மெலனோமாவுக்கான மருந்துதான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: நிறமிச் செல்லின் புற்று மெலனோமா, ஆழம் கூடினால் பரவும், எங்கே பரவினாலும் அது மெலனோமாதான், பரவி அறுக்க முடியாத கட்டத்துக்கு முற்றியது என்று பெயர்.

## 2011க்கு முன்

முற்றிய மெலனோமா என்று சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர் ஒரு வருடம்கூட இருக்கவில்லை. 1975இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டகார்பசின் என்ற கீமோ மருந்துதான் பல ஆண்டுகள் முக்கிய ஆயுதம். பத்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்கும், அதுவும் கொஞ்ச நாளைக்கு. ஸ்டேஜ் ஃபோர் என்றாலே ‘அவ்வளவுதான்’ என்று நம் மனதில் பதிந்திருப்பது இந்தக் காலத்தின் நினைவு.

2011இல் ஒரே ஆண்டில் இரண்டு கதவுகள் திறந்தன. மார்ச் மாதம் இபிலிமுமாப், ஆகஸ்ட் மாதம் வெமுராஃபெனிப் என்று இரண்டு மருந்துகள் வந்தன. பெயர்கள் ஒரே மாதிரி வாயில் நுழையாதவையாக இருந்தாலும் இரண்டும் முற்றிலும் வேறு வழியில் வேலை செய்பவை. எளிதான இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம்.

## மாட்டிக்கொண்ட சுவிட்ச்

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது போடுகிறோம், தொட்டி நிறைந்ததும் நிறுத்துகிறோம். சுவிட்ச் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொண்டால்? தொட்டி வழிந்து மாடிப்படியில் தண்ணீர் ஓடும், மோட்டார் நிற்காது.

செல் பெருகுவதற்கும் இப்படி ஒரு சுவிட்ச் வரிசை உண்டு. வெளியிலிருந்து ‘பெருகு’ என்று செய்தி வந்தால் ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தட்டிவிடும், அது அடுத்ததை. அந்த வரிசையில் ஒன்றின் பெயர் பிராஃப். 766 கண்ணிகள் கொண்ட சங்கிலி மாதிரியான புரதம். அதில் 600ஆவது கண்ணி மட்டும் மாறிப்போனால் சுவிட்ச் ஆன் நிலையில் மாட்டிக்கொள்கிறது. யாரும் செய்தி அனுப்பாமலே செல் பெருகிக்கொண்டிருக்கும். தோல் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் மாற்றம் இருப்பது 2002இல் தெரியவந்தது.

மாட்டிக்கொண்ட அந்தச் சுவிட்சை மட்டும் அணைக்கும் மாத்திரைகள்தான் இலக்குச் சிகிச்சை. வெமுராஃபெனிப் முதலில் வந்தது. இப்போது பிராஃபையும் அதற்கு அடுத்த மெக் என்ற புரதத்தையும் சேர்த்து அடக்கும் ஜோடி மாத்திரைகளே வழக்கம். டாப்ராஃபெனிபும் டிராமெடினிபும் அப்படி ஒரு ஜோடி. இந்த மாற்றம் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குக் கட்டி சுருங்குகிறது, அதுவும் சில வாரங்களிலேயே. மூச்சுவிடச் சிரமப்பட்டவர் நடமாட ஆரம்பிப்பார்.

குறை என்னவென்றால், வாய்க்காலை ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் வேறு மடை தேடுவதுபோல, புற்றும் மெல்ல மெல்ல வேறு வழி கண்டுபிடித்துவிடும். இந்த ஜோடியை எடுத்துக்கொண்டவர்களில் ஐந்து ஆண்டு முடிவில் 34 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள், நோய் மீண்டும் வளராமலே இருந்தவர்கள் 19 சதவீதம். முன்பிருந்த நிலையை வைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம்தான். ஆனால் நிறையப் பேருக்கு நோய் திரும்பி வந்தது.

பிராஃப் மாற்றம் இருக்கிறதா என்று பயாப்சித் திசுவிலேயே பார்க்கலாம். அதனால் லேபில் கொடுக்கும் ரிப்போர்ட்டோடு, திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் ‘பிளாக்’கையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஊர் மாறி, மருத்துவமனை மாறிப் போகும்போது அது இல்லாமல் அலைபவர்கள் அதிகம். உள்ளங்கால் வகையிலும் உட்தோல் வகையிலும் பிராஃப் மாற்றம் குறைவு. கிட் என்ற வேறொரு சுவிட்ச் சிலரிடம் பழுதாகியிருக்கும், அதற்கும் மருந்து உண்டு. எனவே அந்தச் சோதனையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

## தேரும் முட்டுக்கட்டையும்

இனி இம்யூனோதெரபி.

தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருவாரூர் ஆழித்தேரோ, ஊர்க்கோயிலின் சின்னத் தேரோ, வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் தேரை ஆள்வது சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு ஓடும் ஒரு சிலர்தான். தேர் வேகமெடுத்தால் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுவார்கள். திரும்ப வேண்டிய முனையில் ஒரு பக்கம் மட்டும் போடுவார்கள். முட்டுக்கட்டை இல்லாத தேர் வீதியோரத்து வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும்.

நம் ரத்தத்தில் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் உண்டு. உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து, கிருமி புகுந்த செல்லையும் கெட்டுப்போன செல்லையும் கண்டுபிடித்துக் கொல்லும். அவைதான் தேர். இவ்வளவு வலிமையான ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடினால் நம் குடலையும் கல்லீரலையுமே தாக்கிவிடும். அதனால் டி செல்களின் மேலேயே முட்டுக்கட்டைகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ‘போதும், நில்’ என்று சொல்லும் புரதங்கள் அவை. இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று சிடிஎல்ஏ-4. டி செல் வேலைக்குக் கிளம்பும் இடமான நிணநீர்க் கணுவில் இது தடை போடுகிறது. தேரடியிலேயே போடப்படும் கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பிடி-1. இது வீதியில், அதாவது டி செல் போய்ச் சேர்ந்த இடத்தில், போடும் கட்டை.

மெலனோமா செல் செய்யும் தந்திரம் இந்த இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. டி செல் தன்னை நெருங்கியதும் அதன் பிடி-1ஐ அழுத்தும் ஒரு புரதத்தைத் தன் மேற்பரப்பில் நீட்டும். முட்டுக்கட்டையைத் திருடி வைத்துக்கொண்டு, தேர் தன் வாசலுக்கு வரும்போது சக்கரத்தடியில் வைப்பதுபோல. டி செல் அங்கேயே நிற்கும். கட்டிக்குள் டி செல்கள் கூட்டமாக இருந்தும் ஒன்றும் செய்யாமல் நிற்பதை மருத்துவர்கள் வெகுகாலமாகப் பார்த்திருக்கிறார்கள். படை வந்து சேர்ந்திருந்தது, ஆனால் தாக்கவில்லை.

இப்போது முதலில் சொன்ன ‘எதிர்ப்பு சக்தியை ஏத்துற’ கதைக்குத் திரும்பலாம். சக்கரத்தடியில் கட்டை இருக்கும்போது வடத்தில் இன்னும் நூறு பேரைச் சேர்த்தால் தேர் நகருமா? கட்டையைத்தான் எடுக்க வேண்டும். இம்யூனோதெரபி மருந்து அதைத்தான் செய்கிறது. அந்த மருந்து நேரடியாகப் புற்றைக் கொல்வதில்லை. அது உடம்புக்குச் சத்து எதையும் தருவதும் இல்லை. பிடி-1 மேலோ சிடிஎல்ஏ-4 மேலோ போய் ஒட்டிக்கொண்டு, அதை வேறு யாரும் அழுத்த முடியாமல் செய்துவிடும். மீதி வேலை உங்கள் டி செல்லுடையது.

தடையை எடுத்தால் எலியின் கட்டி கரைகிறது என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசனின் குழு 1996இல் காட்டியது. ஜப்பானில் தசுகு ஹோஞ்சோவின் குழு பிடி-1ஐ 1992இல் கண்டுபிடித்திருந்தது. இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. இபிலிமுமாப் தேரடிக் கட்டையை எடுக்கும் மருந்து. 2014இல் வந்த பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் வீதிக் கட்டையை எடுப்பவை. 2022இல் ரெலட்லிமாப் என்று மூன்றாவது வகைக் கட்டையை எடுக்கும் மருந்தும் வந்தது, அதை நிவோலுமாபோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.

சுருக்கமாக: டி செல்லுக்கு இயற்கையாகவே தடைகள் உண்டு, மெலனோமா அந்தத் தடையைத் தனக்குச் சாதகமாக அழுத்துகிறது, மருந்து தடையை விலக்குகிறது.

## எல்லோருக்கும் தேர் ஓடுமா

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், 2015 ஆகஸ்டில், தன் கல்லீரலில் இருந்த மெலனோமா அறுத்தெடுக்கப்பட்டதையும் மூளையில் நான்கு சிறு புள்ளிகள் இருப்பதையும் செய்தியாளர்களிடம் அமைதியாகச் சொன்னார். அப்போது அவருக்கு 90 வயது. மூளைக்குக் கதிர்வீச்சும், கூடவே பெம்ப்ரோலிசுமாபும் கொடுத்தார்கள். டிசம்பரில் ஸ்கேனில் புற்று தெரியவில்லை. சில மாதங்களில் மருந்தையும் நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் தன் நூறாவது வயதில்தான் இறந்தார்.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. 945 பேரை வைத்து நடந்த செக்மேட் 067 என்ற ஆய்வின் பத்தாண்டு முடிவு 2024இல் வெளிவந்தது. இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம், நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 37 சதவீதம், இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 19 சதவீதம் பேர் பத்தாண்டு கடந்தும் இருந்தார்கள். ஒரு வருடம்கூடத் தாண்டாத நோய் என்று சொல்லப்பட்ட இடத்திலிருந்து இங்கே வந்திருக்கிறோம். அதேநேரம் பாதிக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்ற முடியவில்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது.

இன்னொன்றையும் நம் மக்களுக்கு யாராவது நேராகச் சொல்ல வேண்டும். இந்த எண்கள் பெரும்பாலும் வெயிலால் வரும் தோல் மெலனோமாவுக்கானவை. வெயில் மரபணுவில் ஏராளமான எழுத்துப்பிழைகளை உண்டாக்குகிறது. பிழை அதிகமுள்ள செல் டி செல்லின் கண்ணுக்கு அந்நியனாகத் தெரியும், தடையை எடுத்ததும் பாய்ந்துவிடும். உள்ளங்கால் வகையிலும் உட்தோல் வகையிலும் அந்தப் பிழைகள் குறைவு. அதனால் நம்மிடம் அதிகம் காணப்படும் வகைகளுக்கு இந்த மருந்துகள் வேலை செய்கின்றன என்றாலும் பலன் சராசரியில் குறைவு. கண்ணுக்குள் வரும் மெலனோமாவும் அப்படித்தான், அதற்கென்று தனி மருந்து 2022இல் வந்திருக்கிறது.

இந்த மருந்துகளின் விலை மிக அதிகம். நிலத்தை விற்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: “டாக்டர், இந்த வகை மெலனோமாவுக்கு, இவர் இருக்கும் நிலையில், பலன் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?” இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம், நடந்துகொண்டிருக்கும் மருந்தாய்வுகள் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

## தேர் திண்ணையில் ஏறினால்

கீமோவின் பக்கவிளைவுகள் நமக்குத் தெரியும்: முடி கொட்டும், வாந்தி வரும், ரத்த அணுக்கள் குறையும். இம்யூனோதெரபியில் முடி பொதுவாகக் கொட்டாது. பார்க்க நன்றாக இருப்பார். அதனாலேயே டானிக் என்ற எண்ணம் வலுப்படுகிறது.

ஆனால் கட்டையை எடுத்துவிட்டோமே. தேர் இப்போது எந்தத் திண்ணையிலும் ஏறலாம். டி செல்கள் தோலைத் தாக்கினால் அரிப்பும் தடிப்பும் வரும். குடலைத் தாக்கினால் பேதி, கல்லீரலைத் தாக்கினால் மஞ்சள் காமாலை, நுரையீரலைத் தாக்கினால் வறட்டு இருமலும் மூச்சிரைப்பும். தைராய்டு, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி, அட்ரீனல் போன்ற சுரப்பிகளைத் தாக்கினால் காரணமில்லாத அசதி, தலைவலி, மயக்கம். அரிதாகக் கணையத்தைத் தாக்கித் திடீரென்று சர்க்கரை நோயைக் கொண்டுவரும். மிக அரிதாக இதயத்தை, அப்போது நெஞ்சுவலியும் படபடப்பும். மேலே சொன்ன ஆய்வில் இரு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்கும் மேலானோருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. ஒரு மருந்து மட்டும் என்றால் அது வெகுவாகக் குறைகிறது.

பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வரும். மருந்து நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம்.

நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். பேதி என்றால் தெருமுனை மெடிக்கலில் மாத்திரை வாங்கி நிறுத்துவது நம் பழக்கம். நின்றுவிட்டதுபோலத் தெரியும். உள்ளே குடல் வெந்துகொண்டிருக்கும். தேவைப்படுவது ஸ்டீராய்டு, அதாவது முட்டுக்கட்டையைக் கொஞ்ச காலத்துக்குத் திரும்பப் போடும் மருந்து. சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலானவை அடங்கிவிடும். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, பல வாரங்களில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். ‘ஸ்டீராய்டு ஆகாது’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்காக நடுவில் விடுபவர்கள் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் மட்டும் அவை பொதுவாகப் பழைய நிலைக்கு வருவதில்லை. தைராய்டு மாத்திரையோ வேறு ஹார்மோன் மாத்திரையோ வாழ்நாள் முழுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், ‘எதிர்ப்பு சக்தி’ லேகியங்கள், சூரணங்கள். மருத்துவரிடம் சொல்லாமல் இவற்றைச் சாப்பிட வேண்டாம். கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்கு, உடம்பின் சொந்த எதிர்ப்பு கல்லீரலைத் தாக்குவது போன்ற பாதிப்பு வந்ததை இந்திய மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இம்யூனோதெரபியில் இருப்பவருக்குக் கல்லீரல் கெட்டால் காரணம் மருந்தா லேகியமா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

மூட்டுவாதம், சோரியாசிஸ், லூபஸ் போன்று உடம்பின் சொந்த எதிர்ப்பே உடம்பைத் தாக்கும் நோய்கள் ஏற்கெனவே உள்ளவர்களும், கிட்னி மாற்று செய்துகொண்டவர்களும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தடையில்லாத டி செல்கள் மாற்றுக் கிட்னியை ஏற்காமல் போகக்கூடும்.

ஒரு பக்கவிளைவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிலருக்குத் தோலில் வெண்புள்ளிகள் தோன்றும். மெலனோமாவைத் தேடிப்போன டி செல்கள் சாதாரண நிறமிச் செல்களையும் சேர்த்துத் தாக்குவதால் வருவது இது. இப்படி வெண்புள்ளி வந்தவர்களுக்குச் சிகிச்சையின் பலன் நன்றாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நம் ஊரில் அதற்கு ‘வெண்குஷ்டம்’ என்று ஒரு பெயர் வைத்து, தொழுநோயோடு சம்பந்தப்படுத்தி ஒதுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது தொழுநோயும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. வீட்டில் ஒருவர் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருக்கும்போது தனித் தட்டு, தனித் துண்டு என்று அவரைத் தள்ளிவைக்காதீர்கள்.

## எதை முதலில் கொடுப்பது

பிராஃப் மாற்றம் உள்ளவருக்கு மாத்திரையும் கொடுக்கலாம், இம்யூனோதெரபியும் கொடுக்கலாம். மாத்திரை சீக்கிரம் வேலை செய்கிறது, அதனால் அதை முதலில் கொடுப்பதுதான் சரி என்று தோன்றும். டிரீம்செக் என்ற ஆய்வு இதைச் சோதித்தது. இம்யூனோதெரபியில் ஆரம்பித்தவர்களில் இரண்டு ஆண்டுக்குப் பின் 72 சதவீதம் பேரும், மாத்திரையில் ஆரம்பித்தவர்களில் 52 சதவீதம் பேரும் இருந்தார்கள். அதனால் காத்திருக்க உடம்பில் தெம்பு இருந்தால் இம்யூனோதெரபி முதலில். நோய் அதிவேகமாகப் போய்க்கொண்டிருந்தால் மாத்திரையில் ஆரம்பிக்க நேரலாம்.

மூளையில் சில புள்ளிகள் மட்டும் இருந்தால் காமா நைஃப், சைபர் நைஃப் போன்ற குறிவைத்த கதிர்வீச்சு உதவும். கட்டியிலிருந்து டி செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கித் திரும்ப ஏற்றும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2024இல் அனுமதி தந்தது. கடினமான சிகிச்சை, இப்போதைக்கு எல்லோருக்கும் எட்டுவதில்லை.

## ஸ்கேனுக்கும் ஸ்கேனுக்கும் நடுவே

மருந்து ஏற்றும் நாள் பெரிய பாடில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ, மருந்தைப் பொறுத்து நான்கு, ஆறு வாரத்துக்கு ஒருமுறையோ, குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரி அரை மணி, ஒரு மணி நேரம். ஒவ்வொரு முறையும் முன்னதாக ரத்தப் பரிசோதனை. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.

கஷ்டம் அந்த ஸ்கேன் தேதி நெருங்கும் வாரத்தில்தான். தூக்கம் போய்விடும், சின்ன இருமலுக்கும் நெஞ்சு திக்கென்று ஆகும். இது கோழைத்தனம் இல்லை. கூட இருப்பவர்கள் ‘ஒண்ணும் ஆகாது, சும்மா இரு’ என்று வாயை அடைப்பதைவிட, ரிசல்ட் வாங்கப் போகும்போது கூடவே போய் உட்கார்ந்திருப்பது உதவும்.

முதல் ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை. தேர் நகர நேரம் எடுக்கும், மாத்திரைபோல இரண்டு வாரத்தில் பலன் தெரியாது. சிலருக்கு டி செல்கள் கட்டிக்குள் குவிவதால் ஸ்கேனில் கட்டி முதலில் பெரிதாகத் தெரிந்து பிறகு சுருங்கும். ஆனால் இது குறைவானவர்களுக்கே நடக்கிறது. பெரும்பாலும் பெரிதாகத் தெரிந்தால் பெரிதாகியிருக்கிறது என்றுதான் பொருள். உடம்பு தேறியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருங்கள்: மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, புற்றுநோய் மருத்துவமனையின் தொலைபேசி எண், ‘கீமோ அல்ல, இம்யூனோதெரபி’ என்ற வரி. ராத்திரி பதினோரு மணிக்கு மூச்சிரைப்போடு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கிருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த ஒரு வரி வழிகாட்டும். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நன்றாகப் பலன் தெரிந்தவர்களுக்குப் பல இடங்களில் இரண்டு ஆண்டோடு மருந்தை நிறுத்துகிறார்கள். பக்கவிளைவால் பாதியில் நிறுத்த நேர்ந்தவர்களிலும் பலருக்கு நோய் அடங்கியே இருக்கிறது. பழகிய டி செல்கள் நினைவோடு உடம்பில் தங்கிவிடுவதுதான் காரணம். ‘மருந்தை நிறுத்திட்டாங்க, கைவிட்டுட்டாங்க’ என்று பதற வேண்டியதில்லை. ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேளுங்கள்.

## வலிக்கு ஒரு மருத்துவர்

வலி, தூக்கமின்மை, மூச்சிரைப்பு, பயம் இவற்றைக் கவனிப்பதற்கென்றே வலித்தணிப்பு மருத்துவம் என்று ஒரு துறை இருக்கிறது. அங்கே அனுப்பினாலே கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இம்யூனோதெரபி நடந்துகொண்டிருக்கும்போதே, முதல் மாதத்திலேயே அவர்களையும் பார்க்கலாம். மார்ஃபின் மாத்திரையும் அப்படித்தான், கடைசி நாட்களுக்கென்று ஒதுக்கி வைத்தது இல்லை. எலும்புக்குப் பரவிய வலியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர், அளவோடு கொடுத்த மார்ஃபினால் தூங்கி எழுந்து, குளித்து, சாப்பிட்டு, அடுத்த டோஸுக்கு நடந்து போக முடியும். புற்றுநோய் மருத்துவர் தானாகச் சொல்லவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள்: “வலிக்கு யாரைப் பார்க்கணும்?”